பொம்மைச் சிப்பாய்களும் ஆளில்லாத தீவும்

1826-ம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தின் யார்க்ஷையர் பகுதியில் ஹாவர்த் என்ற சின்ன ஊர். அந்த ஊர்ப் பாதிரியார் பாட்ரிக் பிரான்டே லீட்ஸ் நகருக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்பினார். கையில் மகனுக்காக வாங்கிய ஒரு பெட்டி. அதற்குள் 12 மரச் சிப்பாய்கள்.

சாவைப் பார்த்துப் பழகிய வீடு அது. 1821-ல் தாய் இறந்துவிட்டார். 1825-ல் மூத்த மகள்கள் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்ற நான்கு பிள்ளைகள். மறுநாள் காலை பெட்டியைத் திறந்ததும் ஆளுக்கு ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் பிரபு. பிரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன்!

பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி ஒரு நகரம் கட்டினார்கள். அதன் பெயர் கண்ணாடி நகரம். அதற்கு வரைபடம், அரசாங்கம், பத்திரிகை எல்லாம் வந்தன. பத்திரிகை பொம்மைகள் படிக்க வேண்டியது அல்லவா? அதனால் அதைத் தீப்பெட்டி அளவுத் தாளில் பொடி எழுத்தில் எழுதினார்கள். விளையாட்டாக எழுதிப் பழகிய சார்லட்டின் 'ஜேன் அயர்', எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகிய நாவல்கள் 1847-ல் வெளிவந்தன. ஒரு பெட்டி பொம்மை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஆனால் இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சிப்பாய்கள் இறங்கிய கரை காலியாக இல்லை. அது இன்றைய கானா நாட்டில் உள்ள அசாந்தி மக்களின் பூமி. அந்த நேரத்தில் பிரிட்டன் உண்மையிலேயே அசாந்திகளோடு போரில் இருந்தது. 1824-ல் கோல்டு கோஸ்ட் பகுதியின் பிரிட்டிஷ் கவர்னரே அந்தப் போரில் கொல்லப்பட்டார். பிரான்டே வீட்டில் பத்திரிகைகள் படிப்பார்கள். பெரியவர்கள் படித்த செய்திதான் பிள்ளைகளின் விளையாட்டில் வந்து சேர்ந்தது. அவர்கள் எழுதிய கதைகளில் ஒரு அசாந்தி இளவரசனும் வருகிறான். வெலிங்டன் அவனைத் தத்தெடுத்து வளர்க்கிறார். வளர்ந்ததும் அவன் எதிர்த்துக் கிளம்புகிறான். அவன் சொந்த மண்ணில் அவனுக்கே கலகக்காரன் வேஷம்!

வெல்ஸ் வீட்டுத் தரை

1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. நடுத்தரக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் பரவியது.

அப்படிச் சேர்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். தன் இரண்டு மகன்களோடு தரையில் உட்கார்ந்து விளையாடியதை வைத்தே 1911-ல் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதில் ஒரு விளையாட்டு தீவுகளைப் பற்றியது. தரைதான் கடல். அதில் போட்ட பலகைகள் தீவுகள். தோட்டத்துக் குச்சிகள் மரங்கள். கப்பலில் போய் இறங்கி, குண்டூசியில் காகிதக் கொடி குத்தி, அங்கே இருப்பவர்களை அடக்கி, 'நாகரிகம்' கொடுத்துவிட்டு வர வேண்டும். வெல்ஸ் இதைச் சற்றுக் கேலியாகத்தான் எழுதுகிறார். 1913-ல் வந்த 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தில் பொம்மைப் போருக்கு விதிமுறைகளே வகுத்தார். ஸ்பிரிங் பீரங்கியால் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் அந்த ஆட்டம்தான் இன்றைய மினியேச்சர் போர் விளையாட்டுகளுக்கு முன்னோடி. நிஜப் போரைவிட இந்தக் குட்டிப் போர் எவ்வளவோ மேல் என்று புத்தகத்தை முடித்தார். அடுத்த வருடமே முதல் உலகப்போர் வந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், இதே வெல்ஸ்தான் 1898-ல் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலை எழுதியவர். செவ்வாய்க் கிரகத்தார் நம்மை அழிக்க வந்தால் அவர்களைக் குறை சொல்லும் முன், ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் மக்களை என்ன செய்தார்கள் என்று யோசியுங்கள் என அதன் முதல் அத்தியாயத்திலேயே கேட்டவர். நாவலில் அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்ததும் கொடி குத்தும் பக்கம் போய்விட்டார். விளையாட்டு என்று வந்துவிட்டால் நாம் யார் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. விதிமுறையே அதை முடிவு செய்துவிடுகிறது.

அடித்தளத்து அறையில் பிறந்த தீவு

ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் என்ற பல் தொழில்நுட்பப் பணியாளர் வேலை முடிந்து வந்ததும் வீட்டின் அடித்தளத்து அறையில் போர்டு கேம்கள் செய்து பார்ப்பார். சோதித்துப் பார்ப்பவர்கள் மனைவியும் பிள்ளைகளும்தான். வைக்கிங் மக்கள் ஐஸ்லாந்தில் இறங்கிக் குடியேறிய கதை அவரை ஈர்த்தது. அறுகோணத் துண்டுகளை அடுக்கி ஒரு தீவு செய்தார். அதுதான் 1995-ல் வெளிவந்த 'கட்டான்'. அந்த வருடமே ஜெர்மனியின் சிறந்த விளையாட்டு விருதும் கிடைத்தது. 2023-ல் அவர் இறந்தபோது 4 கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்றிருந்தன. மகன்களும் அந்தத் தொழிலுக்கே வந்தார்கள்.

கட்டானில் தீவு காலி. இதில் டாய்பரைக் குறை சொல்ல முடியாது. 9-ம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் வந்தபோது ஐஸ்லாந்தில் சில துறவிகள் இருந்ததாகச் சொல்வார்களே தவிர, ஊர் என்று எதுவும் இல்லை. ஆனால் அதே 'காலித் தீவை' கரீபியன் கடலுக்குக் கொண்டு போனால்? 2002-ல் வந்த 'போர்ட்டோ ரிக்கோ' விளையாட்டில் பழுப்பு நிற வட்டுகள் கப்பலில் வந்து தோட்டங்களில் வேலை செய்யும். விதிப் புத்தகம் அவற்றைக் 'குடியேறிகள்' என்றது. நிஜ வரலாற்றில் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் ஏராளமானோர் ஆப்பிரிக்க அடிமைகள். தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் போர்டிலேயே இல்லை. எதிர்ப்பு எழுந்து, 2022-ல் கதைக்களத்தை அடிமை முறை ஒழிந்த பிறகான 1897-க்கு மாற்றிப் புதிய பதிப்பு போட்டார்கள்.

2017-ல் எரிக் ராய்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்த 'ஸ்பிரிட் ஐலண்ட்' இதை அப்படியே திருப்பிப் போட்டது. விளையாடுபவர்கள் தீவின் காவல் தெய்வங்கள். கப்பலில் வந்திறங்கி ஊர் கட்டும் பிளாஸ்டிக் மினியேச்சர்கள்தான் எதிரிகள். அந்த மண்ணின் மக்களும் போர்டில் இருக்கிறார்கள். குடும்பம் மொத்தமும் ஒரே அணியாகச் சேர்ந்து தீவைக் காப்பாற்ற வேண்டும்.

இதற்காகக் கட்டானை மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. இழப்பில் இருந்த பிரான்டே பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தது 12 மரப் பொம்மைகள்தான். ஆனால் தரையில் வரைபடத்தை விரிக்கும்போதே பிள்ளைகள் உலகத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை பெட்டியைத் திறந்ததும் பகடையை உருட்டும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தத் தீவில் நமக்கு முன்னால் யார் இருந்தார்கள்?