பேண்டிங் தாத்தாவும் ரொட்டியும்

சோத்தைக் குறைச்சு எடையைக் குறைக்கிறது ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நினைக்கிறோம். 1863-லயே லண்டன்ல இது புத்தகமா வந்தாச்சுங்க!

எழுதினவர் வில்லியம் பேண்டிங். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது தொழில். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில பின்பக்கமாத்தான் இறங்குவார். எடை குறையட்டும்னு படகு வலிச்சார், பசிதான் கூடிச்சு :-)

காது சரியா கேக்கலைன்னு போனப்ப, டாக்டர் வில்லியம் ஹார்வி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில 46 பவுண்டு காலி! சந்தோஷத்துல சொந்தக் காசைப் போட்டு, முதல்ல இலவசமாவே புத்தகத்தைக் கொடுத்தார். ஸ்வீடன்ல டயட் இருப்பதற்கு இன்னிக்கும் 'பாண்டா'ன்னுதான் சொல்றாங்க. அவர் பேர்தான்.

அப்ப சோறுதான் வில்லனா? 2018-ல வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில 609 பேர். ஒரு அணி மாவுச்சத்தைக் குறைச்சது, இன்னொண்ணு கொழுப்பை. ஒரு வருஷம் கழிச்சு சராசரியா 6 கிலோ, 5.3 கிலோ குறைஞ்சிருந்தது. சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஆனா ரெண்டு அணியிலயும் நிறைய இளைச்சவங்களும் உண்டு, எடை ஏறினவங்களும் உண்டு.

ஆக, எந்த டயட் உசத்தின்னு சண்டை போடறதை விட, பத்து வருஷம் கழிச்சும் எந்தச் சாப்பாட்டை நம்மால அலுக்காம சாப்பிட முடியும்னு கேட்டுக்கறதுதான் உத்தமம். என்ன சொல்றீங்க மக்களே?