மொன்றியலில் ஒரு தடை உத்தரவு



பழைய துறைமுகத்திலிருந்து நோட்ரடாம் வீதிக்கு ஏறினால், நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு பழைய கல்வீடு நிற்கிறது. அதன் பெயர் ஷாட்டோ ரம்சே. 1775 நவம்பர் முதல் 1776 ஜூன் வரை மொன்றியல் அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. அந்த வீடுதான் படைத் தலைமையகம்.

பிரித்தானிய அரசரை எதிர்த்துப் போர் தொடங்கியிருந்த அமெரிக்கக் காங்கிரஸ், கனடாவையும் தன்னோடு சேர்க்க எண்ணியது. ஜெனரல் மொன்ற்கொமரி நவம்பர் 13 இல் மொன்றியலைச் சண்டையின்றிப் பிடித்தார். அடுத்தது கியூபெக். ஆனால் அவருடைய வீரர் பலரின் சேவைக்காலம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிடும். குறுகிய காலத்துக்கு மட்டும் ஆள் சேர்த்தது காங்கிரஸின் ஏற்பாடு. அதனால் டிசம்பர் 31 அதிகாலை பனிப்புயலுக்குள் தாக்கினார், அங்கேயே இறந்தார். கூடப் போரிட்ட பெனடிக்ட் ஆர்னோல்டுக்குக் காலில் குண்டு.

மொன்றியலுக்குப் பொறுப்பாயிருந்த ஜெனரல் வூஸ்டரோ, கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கத்தோலிக்க ஆலயங்களை மூடவைத்தார். அவரும் நம்மைப்போல் புரொட்டஸ்தாந்துக்காரர். சொல்ல வெட்கமாயிருக்கிறது.

1776 ஏப்ரல் 29 இல் காங்கிரஸின் ஆணையாளர் மூவர் இங்கே வந்தார்கள். எழுபது வயது பெஞ்சமின் பிராங்ளினும் அவர்களில் ஒருவர். அதிகாரிகளை இடைநிறுத்தவும், படைக்கும் குடிமக்களுக்கும் இடையிலுள்ள வழக்குகளைத் தீர்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. போதிய வெள்ளிக்காசுதான் இல்லை. அவர்கள் வரும் செய்தியை முன்கூட்டிக் கொண்டுவந்த ஆளையே ஆற்றைக் கடக்கவிடவில்லை. காங்கிரஸின் தாள் காசை யாரும் வாங்கவில்லை. வழியில் வந்த நண்பர் ஒருவர் அதை வெள்ளியாக மாற்றிக் கொடுத்த பிறகே அவர் அக்கரை சேர்ந்தார். வூஸ்டரைத் திருப்பி அழைக்கச் சொல்லி மூவரும் எழுதினார்கள். பிராங்ளின் மே 11 இல் புறப்பட்டுவிட்டார்.

இதற்கிடையில் பெரியம்மை படையைத் தின்றுகொண்டிருந்தது. தாதியாகிய எனக்கு இந்தக் கதையில் மனம் நிற்கும் இடம் இதுதான். ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் இருபது வருடம். அன்று இருந்தது, நோயாளியின் கொப்புளச் சீழையே எடுத்துத் தோலைக் கீறி ஏற்றும் அம்மை குத்துதல். தானாக வந்த பெரியம்மையில் நூறு பேருக்கு முப்பது பேரளவில் இறப்பார்கள், குத்திக்கொண்டவர்களில் ஓரிருவர். ஆனால் குத்திக்கொண்டவர் சில வாரம் படுக்கையில் கிடப்பார், மற்றவருக்கும் தொற்றவைப்பார். பிராங்ளினுக்கு இது நன்றாகத் தெரியும். 1736 இல் அவருடைய நான்கு வயது மகன் குத்தப்படாமலே பெரியம்மையில் இறந்தவன்.

மே நடுவில், மொன்றியலில் ஆர்னோல்ட் வீரர்களுக்கு அம்மை குத்த உத்தரவிட்டார். மறுநாளே மேலதிகாரியான ஜெனரல் ஜோன் தோமஸ் வந்து, குத்துபவருக்கு மரண தண்டனை என்று தடுத்தார். தோமஸ் அறியாதவர் அல்ல. அவரே ஒரு வைத்தியர். பிரித்தானியக் கப்பல்கள் மே 6 இல் கியூபெக் வந்துவிட்டன. பாதிப் படை படுத்துவிட்டால் யார் சண்டை பிடிப்பது? ஆனாலும் வீரர்கள் களவாகக் குத்திக்கொண்டார்கள். என் எண்ணத்தில், அனுமதித்திருந்தாலும் தனிமைப்படுத்தாமல் பலன் கிடைத்திராது. அதற்குத் தனி வீடு, போர்வை, உணவு, பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும். அவற்றை வாங்கும் வெள்ளிக்காசைத்தான் காங்கிரஸ் அனுப்பவில்லை.

தோமஸ் தானும் குத்திக்கொள்ளவில்லை. ஜூன் 2 இல் ஷாம்பிளியில் பெரியம்மையில் இறந்தார். ஆர்னோல்ட் அம்மாத நடுவில் மிச்சப் படையோடு ஆற்றைக் கடந்து ஓடினார். காங்கிரஸோடு அவருக்கு மனக்கசப்பு வளர்ந்துகொண்டே போய், 1780 இல் பிரித்தானியர் பக்கமே சேர்ந்துவிட்டார். அது வேறொரு நீண்ட கதை.

1776 செப்டம்பரில் காங்கிரஸ், போர் முடியும்வரை சேவை செய்யும் படைக்குச் சம்மதித்தது. அடுத்த பெப்ரவரியில் வாஷிங்டன் தன் படை முழுவதற்கும் அம்மை குத்த உத்தரவிட்டார். எதிரி அறியாதபடி, தனித்த வீடுகளில், பகுதி பகுதியாக அது நடந்தது. அவருக்குப் பயமில்லை, 19 வயதில் பார்படோஸில் பெரியம்மை வந்து பிழைத்தவர் அவர்.