தேர்தல் பத்திரங்கள்: நன்கொடை வரைபடமான கதை

அமெரிக்காவில் அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக்க முயலும் தொழில் குழுக்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அவை யாருக்காக வேலை செய்கின்றன, எவ்வளவு வருமானம் பெறுகின்றன என்ற விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. எனவே கட்சிகளுக்கும் நிறுவனங்களுக்கும் உள்ள தொடர்பைப் படமாக வரைய விரும்புவோர் நன்கொடைக் கணக்குகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அந்தக் கணக்கையும் மறைத்தது தேர்தல் பத்திரத் திட்டம்.

2017 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜெட்லி அறிவித்த இத்திட்டம் 2018 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி அதனை 15 நாட்களுக்குள் பணமாக்க வேண்டும். கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடு வரையே நிறுவனங்கள் நன்கொடை தரலாம் என்ற பழைய வரம்பும் நீக்கப்பட்டது.

பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை எண் இருந்தது. பத்திரிகையாளர் பூனம் அகர்வால் 2018-இல் பத்திரங்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அது புற ஊதா ஒளியில் தெரிந்தது. பின்னாளில் எல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே நடந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தை ரத்து செய்தது. விவரங்களைத் தர வங்கி சூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியோர் விவரமும் பணமாக்கிய கட்சிகளின் விவரமும் தனித்தனியே இருப்பதால் பொருத்திப் பார்ப்பது கடினம் என்பது அது சொன்ன காரணம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் வாங்கியோர், மற்றொன்றில் கட்சிகள். இடையே கோடு போட வழியில்லை. பலரும் தேதிகளை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தனர். மீண்டும் உத்தரவு வந்தபின், மார்ச் 21 அன்று எண்கள் வெளியாயின. மாதக்கணக்கில் ஆகும் எனப்பட்ட வேலையைச் செய்தியாளர்களும் தன்னார்வலர்களும் சில மணி நேரத்தில் கணினியில் முடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கிடைத்த இணைப்புகளைப் பலர் சாங்கி வரைபடமாக வரைந்தனர். 1898-இல் சாங்கி என்ற பொறியாளர் நீராவி எந்திரத்தில் ஆற்றல் எங்கெங்கே போகிறது என்று காட்டப் பயன்படுத்திய முறை இது. தொகை பெரிதானால் பட்டையும் அகலமாகும். மிக அகலமான பட்டைகள் பாரதிய ஜனதாவை நோக்கிச் சென்றன. அக்கட்சி பெற்றது சுமார் 6,000 கோடி ரூபாய். தனி நிறுவனங்களில் முதலிடம் கோவையைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங்குக்கு. அது வாங்கிய 1,368 கோடியில் 500 கோடிக்கு மேல் திரிணாமுல் காங்கிரசுக்கும், ஏறத்தாழ 500 கோடி திமுகவுக்கும் போயின. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆகவே இந்தப் பட்டை ஏன் இவ்வளவு அகலம் என்ற கேள்விக்குப் படத்தில் விடை கிடையாது. பணம் போன வழியைத்தான் கோடு காட்டுகிறது. கைம்மாறு இருந்ததா என்பதை ஒப்பந்தங்கள், சோதனைகள், வழக்குகள் ஆகியவற்றின் தேதிகளோடு ஒப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

படத்தில் வெற்றிடமும் உண்டு. 2019 ஏப்ரல் 12-க்கு முன் விற்ற பத்திரங்களின் விவரத்தை வெளியிட நீதிமன்றம் உத்தரவிடவில்லை. அதிமுகவுக்குக் கிடைத்த 6.05 கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனம் அந்த ஏப்ரல் தொடக்கத்தில் கொடுத்தது என்பது, கட்சியே ஆணையத்திடம் சொன்னதால் தெரியவந்தது. கொடுத்தவர் பெயரைச் சொல்லாத கட்சிகளுக்கு அந்தக் காலத்தில் வந்த பணத்துக்குப் படத்தில் கோடே இல்லை.