ஐம்பத்தாறு வாரங்கள் கேட்கப்பட்ட கதை: புணே வானொலியும் கீத ராமாயணமும்

கென்ட்ரிக் லமாரின் ‘டாம்’ என்னும் ஹிப்ஹாப் ஆல்பம் 2017 ஏப்ரலில் வெளிவந்தபோது, அதைக் கேட்டவர்கள் சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தனர். கடைசிப் பாடலின் முடிவில் ஒலிநாடா பின்னோக்கிச் சுழலும் ஓசை எழுகிறது. அது கேட்பவரை முதற்பாடலின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அப்படியானால் இறுதியிலிருந்து தொடக்கம் நோக்கிக் கேட்டால் கிடைப்பது வேறொரு கதையா என்ற விவாதம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் பாடல்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கிய பதிப்பே வெளியாயிற்று. மறு ஆண்டு அந்த ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

பாடல்களின் வரிசை கதையின் பொருளை மாற்றுமா, அப்பொருளை முடிவு செய்பவர் பாடியவரா கேட்டவரா என்னும் இக்கேள்விகள் ஹிப்ஹாப்போடு பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் கான்செப்ட் ஆல்பத்தின் வரலாறு எழுதுவோர் பலர் ஃபிராங்க் சினாட்ராவின் ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ தொகுப்பை அதன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொள்வர். அது வெளிவந்தது 1955 ஏப்ரலில். அதே மாதம் முதல் தேதி, இராம நவமி நாளான வெள்ளிக்கிழமை, புணே வானொலி நிலையம் ஒரு கதையைப் பாடத் தொடங்கியது. அக்கதை முடிய 1956 ஏப்ரல் 19 வரை, அதாவது அடுத்த இராம நவமி வரை, ஆயிற்று. வாரத்துக்கு ஒரு பாடலாக மொத்தம் 56 பாடல்கள். கஜானன் திகம்பர் மாட்கூள்கர் எழுதி, சுதீர் ஃபட்கே இசையமைத்த ‘கீத ராமாயணம்’ அது.

முதலில் திட்டமிடப்பட்டவை 52 பாடல்களே. அவ்வாண்டு மராத்தியப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் ஒன்று வந்தமையால் தொடர் நீண்டது. ஒரு கலைப்படைப்பின் அளவைப் பஞ்சாங்கம் நிர்ணயித்திருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இப்படைப்பு நூலாகவோ இசைத்தட்டாகவோ கருக்கொள்ளவில்லை. காலத்தில் நிகழும் ஒன்றாகவே, ஓர் ஆண்டின் வடிவிலேயே கருக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறுவனப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புணே நிலையம் 1953 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. ஒன்றிய அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரையிசையை வானொலியிலிருந்து விலக்கி, அதன் இடத்தில் மெல்லிசையை வளர்க்க முனைந்திருந்த ஆண்டுகள் அவை. நேயர்கள் இலங்கை வானொலியை நாடிச் சென்றுகொண்டிருந்தனர். நிலைய அதிகாரியும் மாட்கூள்கரின் நண்பருமான சீதாகாந்த் லாட் இத்தொடருக்கு வித்திட்டார். மாட்கூள்கரும் ஃபட்கேயும் மராத்தித் திரையுலகின் முன்னணிக் கலைஞர்கள். திரைப்பாட்டுக்கு மூடிய கதவின் வழியே திரைப்பாட்டின் கைவண்ணமே இராமகதை வேடத்தில் நுழைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. மூன்றரை நிமிடத்தில் ஒரு மாந்தரின் மனநிலையை முழுதும் சொல்லிவிடும் திறன் திரைப்பாட்டு தந்த பயிற்சியன்றி வேறென்ன?

கதை சொல்லப்படும் முறையே இங்கு முதன்மையானது. கீத ராமாயணத்தில் கதைசொல்லியின் குரல் மிகக் குறைவு. பெரும்பாலான பாடல்கள் ஒரு மாந்தர் மற்றொருவரை நோக்கிப் பேசும் பேச்சு. கோசலை, தசரதன், அகலிகை, குகனின் தோழர்கள், பரதன், சூர்ப்பணகை, சபரி, அனுமன் எனக் குரல்கள் மாறிக்கொண்டே இருக்கும். வானொலியில் இராமனின் பாடல்களை ஃபட்கே பாட, மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே, மாலதி பாண்டே, லலிதா ஃபட்கே முதலியோர் பிற மாந்தர்களுக்குக் குரல் தந்தனர். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் நடந்ததைக் கேட்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்; அதற்கு அவருக்கு ஒரு வாரம் கிடைத்தது.

வாலி வதத்தை எடுத்துக்கொள்வோம். கம்பனில் பயின்ற தமிழ் வாசகருக்கு அந்த இடம் வாலியின் குற்றச்சாட்டுக்காகவே நினைவில் நிற்பது. மாட்கூள்கரிடம் அக்குற்றச்சாட்டு தனிப்பாடலாக இல்லை. இராமனின் விடை மட்டும் ஒலிக்கிறது. விடையை மட்டும் கேட்பவர் கேள்வியைத் தாமே எழுப்பிக்கொள்கிறார். இதனை வாலியின் வாயை அடைத்த செயலாகவும் படிக்கலாம். கேட்பவர் ஒவ்வொருவரையும் வாலியின் இடத்தில் நிறுத்திய உத்தியாகவும் படிக்கலாம். பாடல்வரிசை இரண்டுக்கும் இடம் தருகிறது.

இதைவிட ஆழமான இணைப்பு ஒன்று சீதையின் இரு பாடல்களுக்கிடையே உள்ளது. வனவாசம் புறப்படும்போது வரும் பதினேழாம் பாடலில், இராமன் இருக்கும் இடமே தன் இடம் என்று அவள் உறுதி சொல்கிறாள். ஐம்பத்தைந்தாம் பாடலில், காட்டில் விடப்பட்ட நிலையில், தான் இனிச் செல்ல வேண்டிய இடம் எது என்று இலக்குவனைக் கேட்கிறாள். முன்னது விடை, பின்னது வினா. இடையே 38 வாரங்கள். அதற்கு முந்தைய வாரம் ஒலித்த பாடலோ கருவுற்ற சீதை தன் ஆசைகளைக் கணவனிடம் கொஞ்சிக் கேட்பது. மராத்தி வீடுகளில் வளைகாப்பை ஒத்த ‘டோஹாளே’ சடங்குக்குப் பாடப்படும் பாடல்வகையைச் சேர்ந்தது அது. கதை அறிந்த நேயர் அந்த மகிழ்ச்சிப் பாட்டை எப்படிக் கேட்டிருப்பார்? அடுத்த வெள்ளிக்கிழமை என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இனி வட்டத்துக்கு வருவோம். முதற்பாடல் அயோத்தி அவையில் நிகழ்கிறது: குசனும் லவனும் பாட, இராமன் தன் கதையைத் தானே கேட்டிருக்கிறான். பாடுவோர் தன் மக்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பூப் இராகத்தில், அதாவது நம் மோகனத்தை ஒத்த பண்ணில், அமைந்த அப்பாடல் ஒரு விழாவின் தொடக்கம்போல் ஒலிக்கும். ஐம்பத்தாறாம் பாடலில் வால்மீகி அச்சிறுவர்களை இராமாயணம் பாடுமாறு பணிக்கிறார். அதாவது கடைசிப் பாடல் கதைக்காலத்தில் முதற்பாடலுக்கு முந்தையது. லமாரின் ஒலிநாடாவைப் போலவே, தொடர் முடியும் இடம் நேயரைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஓராண்டுக்கு முன் விழாப்பாட்டாகக் கேட்டது இப்போது வேறாகிவிடுகிறது. தாயைக் காட்டுக்கு அனுப்பியவன் முன்னே அவள் மக்கள் நின்று பாடுகின்றனர் என்பதை அறிந்தபின் அதே இசையை அதே மனத்தோடு கேட்க இயலாது.

வால்மீகி இராமாயணத்தில் அவ்வரங்கேற்றத்துக்குப் பின் கதை தொடர்கிறது: இராமன் மக்களை அறிகிறான், சீதை அவைக்கு வருகிறாள், நிலம் பிளந்து அவளை ஏற்கிறது. மாட்கூள்கர் அதைப் பாடவில்லை. அவருடைய கதை அவ்விடத்தை அடையுமுன் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பக்திக் கவிஞர் துயரமுடிவைத் தவிர்த்தார் என்று இதற்கு எளிய விளக்கம் தரப்படலாம். ஆனால் ஐம்பத்தைந்தாம் பாடலை எழுதியவர் துயரத்துக்கு அஞ்சியவர் அல்லர். இவ்வட்டவடிவத்தில் சீதை மீண்டும் ஒருமுறை தன்னை மெய்ப்பிக்கும் கட்டாயத்துக்கு ஆளாவதில்லை என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இவற்றையெல்லாம் அன்றைய நேயர்கள் பேசினரா? இங்குதான் வரலாற்றாய்வின் இடர்ப்பாடு. நேயர்கள் வானொலி கேட்டபடியே பாடல்களை எழுதிக்கொண்டனர் என்பதும், பின்னர் செய்தித்தாள்கள் அவற்றை அச்சிட்டன என்பதும், 1957இல் வெளியீட்டுத் துறை நூலாகக் கொணர்ந்தது என்பதும் தெரிந்தவை. வானொலிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுபத்தி ஏற்றினர் என்னும் செய்தியும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். 1987இல் தொலைக்காட்சி இராமாயணம் தொடங்கியபோதும் இதே காட்சி சொல்லப்பட்டது. பூசை செய்தவரே நினைவில் நிற்கிறார். பாட்டு முடிந்ததும் கைகேயிக்காக வாதாடியவர் நினைவில் நிற்பதில்லை. பக்தியின் சான்றுகள் எஞ்சுமளவுக்கு விவாதத்தின் சான்றுகள் எஞ்சுவதில்லை.

வியப்பு என்னவெனில், அதே நிலையம் அதே மாதங்களில் நேயர்களின் விவாதத்தை முறையாகப் பதிவு செய்யும் பணியிலும் ஈடுபட்டிருந்தது. 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை யுனெஸ்கோவின் துணையோடு புணே நிலையம் நடத்திய கிராம வானொலி மன்றச் சோதனையில், ஐந்து மாவட்டங்களின் ஏறத்தாழ 150 கிராமங்களில் மக்கள் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டு விவாதித்தனர். டாடா சமூக அறிவியல் கழகத்தின் சார்பில் பால் நியூராத் அதனை மதிப்பிட்டு எழுதிய அறிக்கை தொடர்பியல் துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. வேளாண்மையும் சுகாதாரமும் பற்றி உழவர் என்ன பேசினர் என்பது குறிக்கப்பட்டது. சீதையின் வினாவைக் கேட்டபின் அதே வீடுகளில் என்ன பேசப்பட்டது என்பதைக் குறிக்க யாரும் அனுப்பப்படவில்லை. அரசுக்கு முன்னது ‘விவாதம்’, பின்னது வெறும் ‘இசை’.

இன்றைய ஹிப்ஹாப் கேட்பவர் இந்த வகையில் பேறு பெற்றவர். 2009இல் ‘ராப் எக்ஸிஜெசிஸ்’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘ஜீனியஸ்’ என வழங்கும் தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் கேட்டவர்களே உரை எழுதுகின்றனர். அதன் முதற்பெயருக்குத் தமிழில் ‘உரை’ என்பதே பொருத்தமான சொல். பரிமேலழகரை மறுத்து எழுதிய மரபுக்கு இது அயலானதன்று. புணேயைச் சேர்ந்த எம்.சி. ஸ்டேனின் ‘தடீபார்’ (2020) ஆல்பத்தின் தலைப்பையே பார்க்கலாம். தொலைவிலிருந்து கேட்பவருக்கு அது முரட்டுத்தனமான ஒரு சொல். மராட்டிய நகரத் தெருக்களிலோ அது காவல்துறை ஒருவரை ஊர் எல்லைக்கு அப்பால் அனுப்பும் ஆணையின் பெயர். 1951ஆம் ஆண்டின் பம்பாய் காவல் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. அச்சத்தால் சாட்சிகள் முன்வரவில்லை என்று அதிகாரி கருதுவதும் அதற்கான அடிப்படைகளுள் ஒன்று. ஊர்ப்பேச்சின் பேரில் காட்டுக்கு அனுப்பப்பட்டவளின் பாடலை 1956இல் கேட்ட நகரமும் இதுவே. இரு படைப்புகளுக்கும் நேரடி உறவு இல்லை. எனினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் மாணவர் ஒருவருக்கு ஒன்று மற்றொன்றின் உரையாக அமையக்கூடும்.

வானொலித் தொடர் முடிந்தபின் நேர்ந்தது தமிழருக்குப் பழகிய கதை. 1958 முதல் ஃபட்கே கீத ராமாயணத்தை மேடைகளில் பாடினார், 1960களில் எச்.எம்.வி. இசைத்தட்டுகளும் வந்தன. பல குரல்கள் ஒரு குரலாயின. ஒரு மாலைக் கச்சேரிக்குள் 56 பாடல்கள் அடங்கா. ஆகவே தேர்வு நிகழ்ந்தது. பரதனை இராமன் தேற்றும் பாடல் தொடரிலிருந்து கழன்று மராத்தியர் இழவு வீடுகளிலும் நினைவுகூரும் தத்துவப் பாட்டாயிற்று. தொடருக்குள் அது ஒரு மாந்தரின் வாதம். நாடாள மறுத்து நிற்கும் தம்பியைத் திருப்பி அனுப்பச் சொல்லப்பட்டது. வெளியே வந்தபின் அது உலகநியதியின் கூற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் இயற்றிய ‘இராமநாடகக் கீர்த்தனை’க்கும் இதுவே நேர்ந்தது. அதுவும் பல மாந்தர் பேசும் தொடர்கதைப் பாட்டு. இன்று கச்சேரிகளில் எஞ்சுவன சில உருப்படிகளே. அவற்றுள் ‘யாரோ இவர் யாரோ’ மிதிலைக் கன்னிமாடத்தில் சீதையைக் கண்ட இராமன் பாடுவது. நாட்டிய மேடைகளில் அது பலமுறை இராமனைக் கண்ட சீதையின் பாடலாக ஆடப்படுகிறது. அவையோர் தலையசைத்துக் கேட்கின்றனர். பாடுபவர் யார் என்ற ஐயம் எழுவதில்லை.