மரமும் வானும்: ஒளிப்படத்தினின்று மரம் பிரிந்த வரலாறு

கணினித் திரையிலே தோன்றும் காடு பல வேளைகளில் மெல்லிய படத்தாள்களின் கூட்டமே. உண்மையான மரமொன்றை ஒளிப்படம் எடுத்து, அதன் பின்னணியிலுள்ள வானை நீக்கி, எஞ்சிய உருவத்தைத் தட்டையான பரப்பொன்றின்மீது படியவைப்பர். இலைகளுக்கிடையே உள்ள வெளிகள் ஊடுகாட்டும் தன்மை உடையனவாதல் வேண்டும். அவ்வாறாயின் மட்டுமே பின்னாலுள்ள மலையோ வீடோ மற்றொரு மரமோ அவற்றினூடே தெரியும். இதனைச் செய்பவர் எவரும் விரைவிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். ஒரு கற்றூணையோ மனிதமுகத்தையோ வெட்டியெடுத்தல்போல மரத்தை வெட்டியெடுத்தல் இயலாது. மரத்திற்கு ஒரு விளிம்பு இல்லை. ஆயிரக்கணக்கான விளிம்புகள் உண்டு. ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் பாதி இலையாகவும் பாதி வானாகவும் உள்ள புள்ளிகள் கிடக்கின்றன. அப்புள்ளிகள் எவ்வளவுக்கு மரத்திற்குரியன, எவ்வளவுக்கு வானிற்குரியன என்னும் வினாவே இத்துறையின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது எனலாம்.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், ஒளிப்படக் கலை தன் தொடக்கத்தில் இவ்வினாவை அறியவேயில்லை. 1830களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் லேக்கொக் அபேயில் வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரால்பொற் வெள்ளியுப்புப் பூசிய தாளின்மீது இலைகளை வைத்து வெயிலிற் காட்டினார். இலை மறைத்த இடம் வெண்மையாகவும் மறைக்காத இடம் கருமையாகவும் பதிந்தன. இலையின் மெல்லிய பகுதிகளினூடே ஒளி சிறிது கசிந்தமையால் நரம்புகளும் தெரிந்தன. அதாவது, அத்தாளிற் பதிந்தது இலையின் நிறமன்று. எவ்விடத்தில் எவ்வளவு ஒளியை அது மறைத்தது என்னும் அளவே. 1843இல் அன்னா அற்கின்ஸ் நீலப்படி முறையால் வெளியிடத் தொடங்கிய கடற்பாசிப் படங்களும் இத்தகையனவே. பின்னாளிற் கணினி அறிஞர் பெரிதும் முயன்று தேடிய மறைப்பு இங்கே முயற்சியின்றியே கிடைத்திருந்தது. கமராவின் வில்லையினூடே உலகைப் பார்க்கத் தொடங்கிய பின்னரே மரமும் வானும் ஒரே தகட்டிற் பிணைந்து போயின.

அப்பிணைப்பும் தொடக்கத்தில் முழுமையானதன்று. 1850களிற் பரவிய கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மிகைப்பட உணர்வுடையது. பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறையக் குருடு. ஆகவே நிலக்காட்சிகளில் வானம் முகில் எதுவுமின்றி வெறும் வெண்மையாக வந்தது. மரங்கள் கரியனவாகக் குவிந்து நின்றன. இதனை அக்காலத்தவர் பெருங்குறையாகவே கருதினர். பிரான்சின் குஸ்தாவ் லெ கிறே 1856-57 ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் வானுக்கு ஒரு நெகற்றிவும் கடலுக்கு வேறொரு நெகற்றிவும் பயன்படுத்தி, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தினார். கடலின் அடிவானம் நேர்கோடு, பொருத்துதல் எளிது. மரங்கள் மேலெழுந்து நிற்கும் காட்சியில் அவ்வாறு கோடு கிழித்தல் எவ்வாறு? ஆயினும் அங்கே வேறொரு வாய்ப்பு இருந்தது. வெண்மையான வானின்மீது முகில் நெகற்றிவைப் பதிக்கும்போது, ஏற்கெனவே கருமையாயுள்ள மரத்தின்மீது விழும் ஒளி அதனை மேலும் கருமையாக்குமேயன்றி வேறு தீங்கு செய்யாது. தகட்டின் குறையே மரத்தின் மறைப்பாயிற்று. இவ்வுண்மையை நினைவில் வைத்தல் வேண்டும்; ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் இது வேறு வடிவில் திரும்பி வருகின்றது.

திரைப்படம் தோன்றியபோது மறைப்பும் அசைய வேண்டியதாயிற்று. 1918இல் அமெரிக்கரான பிராங் வில்லியம்ஸ் அசையும் மறைப்புக்கான காப்புரிமையைப் பெற்றார். 1940இல் வெளிவந்த 'பக்தாத் திருடன்' என்னும் வண்ணப்படத்தில் லோறன்ஸ் பட்லர் நீலத்திரை முறையைக் கையாண்டு ஒஸ்கார் விருது பெற்றார். அம்முறையிலும் மயிர், புகை, மங்கலான அசைவு ஆகியவற்றின் ஓரங்களில் நீலக்கறை எஞ்சியது. 1959இன் 'பென் ஹர்' படத்திற்காகப் பெற்றோ விலாஹோஸ் வகுத்த நிறவேறுபாட்டு முறை இதனைப் பெருமளவு நீக்கிற்று. பெரும்பாலான பொருள்களில் நீலத்தின் அளவு பச்சையின் அளவை மிஞ்சுவதில்லை; மிஞ்சும் அளவு எதுவோ அதுவே பின்னணித் திரையின் பங்கு என்பது அவர் கண்ட நுட்பம். 'உண்டு' அல்லது 'இல்லை' என்றிருந்த மறைப்பு இதனால் 'இவ்வளவு உண்டு' என்று சொல்லக்கூடியதாயிற்று.

இந்த 'இவ்வளவு' என்பதற்குக் கணினியிற் பெயரும் இருப்பிடமும் கிடைத்தது 1977இல் ஆகும். நியூயோர்க் தொழினுட்ப நிறுவகத்தில் எட் கட்மலும் அல்வி ரே ஸ்மித்தும், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களுடன் நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்து வைத்தனர். இரு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் வழங்கிய கிரேக்க எழுத்தைக் கொண்டு ஸ்மித் அதற்கு 'அல்பா' எனப் பெயரிட்டார். 1974இல் யூற்றாப் பல்கலைக்கழக ஆய்வேட்டில், வளைந்த பரப்பின்மீது படத்தைப் படியவைக்கும் முறையை விளக்கியவரும் இதே கட்மல்தான். மரப்படத்திற்கு வேண்டிய இரண்டு அடிப்படைகளும், அதாவது படியவைத்தலும் ஊடுகாட்டலும், ஒருவரின் கைவழியாகவே வந்தமை தற்செயலாயினும் குறிப்பிடத்தக்கது. 1984இல் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தின் தோமஸ் போர்ட்டரும் ரொம் டஃபும் அல்பா கொண்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணிதத்தை ஒழுங்குபடுத்தினர். இந்நால்வருக்கும் 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழினுட்ப விருது வழங்கப்பட்டது.

எனினும் அல்பாவை வைத்திருப்பதும் ஒளிப்படத்திலிருந்து அதனைக் கண்டறிவதும் ஒன்றல்ல. கணினியே வரைந்த மரத்தின் அல்பா கணினிக்குத் தெரியும். ஒளிப்படத்திலோ ஒரு புள்ளிக்கு மூன்று எண்களே உள்ளன. தெரியாதவை இலையின் நிறத்திற்குரிய மூன்றும் அல்பாவுமாக நான்கு. வானின் நிறமும் தெரியாவிடின் ஏழு. மூன்று சமன்பாடுகளால் நான்கு கணியங்களைக் காண முடியாதென்பது பாடசாலை மாணவனும் அறிந்ததே. 1996இல் ஸ்மித்தும் ஜிம் பிளினும் இதனை முறையாக எடுத்துக்காட்டி, ஒரே பொருளை இரு வேறு நிறப் பின்னணிகளின் முன் எடுத்தால் தீர்வு உண்டு என்றும் நிறுவினர். சிலைக்கும் கண்ணாடிக் கிண்ணத்திற்கும் இது பொருந்தும். மரத்திற்குப் பின்னால் வேறு வானை யார் மாட்டுவது? மாட்டினாலும் அதற்குள் காற்று இலைகளை அசைத்துவிடும். ஆகவே மரத்தைப் பொறுத்தவரை அல்பா என்பது கண்டுபிடிக்கப்படுவதன்று; ஊகிக்கப்படுவது.

அவ்வூகத்தைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது போட்டோசொப் மென்பொருள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜோனுடன் சேர்ந்து வளர்த்தெடுத்த இம்மென்பொருள் 1990இல் விற்பனைக்கு வந்தது; படங்களைப் படைகளாக அடுக்கும் வசதி 1994இன் மூன்றாம் பதிப்பிற் சேர்ந்தது. இதனைக் கொண்டு மரத்தைப் பிரிப்போர் கையாளும் சிறந்த வழி தூரிகையும் அன்று, கத்தரிப்பும் அன்று. படத்தின் நீலச் சனலை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கின்றனர். இலையின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சுகின்றது. வானோ நீலத்தால் நிறைந்தது. ஆகவே நீலச் சனலில் வானம் வெளுத்தும் மரம் கறுத்தும் நிற்கும். அவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கித் தலைகீழாக்கினால் மறைப்புக் கிடைக்கின்றது. லெ கிறேயின் காலத்தவர் வெறுத்த கொலோடியன் தகட்டின் குருட்டுப் பார்வையை இன்று வேண்டுமென்றே மீளப் பெறுகின்றனர் என்பதன்றி இது வேறில்லை.

இவ்வழியும் குறையற்றதன்று. பளபளப்பான இலை வானையே எதிரொளிக்கும். நண்பகலில் தென்னோலையைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவ்வெண்மினுக்கங்கள் வானாகக் கொள்ளப்பட்டு மரத்தின் நடுவே ஓட்டைகள் விழும். அவற்றைக் கையால் நிரப்புதல் வேண்டும். வெயில் பட்ட வெளிறிய தண்டுக்கும் இதே கதி. இதனாலேயே அனுபவமுடையோர் முகில் மூடிய, நிழல் விழாத நாளைத் தேர்ந்தெடுத்து மரத்தைப் படமெடுக்கின்றனர்.

மறைப்புச் சரியாக அமைந்த பின்னரும் எஞ்சுவது வெள்ளைக் கோடு. ஓரப் புள்ளியின் அல்பாவைப் பாதியாக்கினாலும் அதன் நிறத்தில் வானின் வெண்மை கலந்தே இருக்கும். பகற்காட்சியில் அது தெரியாது. இருண்ட மலையின் முன் வைத்தால் ஒவ்வோர் இலையும் வெண்கரை கட்டியதுபோற் காட்சியளிக்கும். நீக்கப்பட்ட வான் போகவில்லை, இலையோரத்தில் ஒளிந்திருந்தது என்றே சொல்லலாம். இதற்குப் பரிகாரமாக, உள்ளேயிருக்கும் இலைநிறத்தை ஓரப் புள்ளிகளுக்கும், அதற்கப்பால் முற்றாக ஊடுகாட்டும் வெற்றிடங்களுக்கும் பரப்புகின்றனர். கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கும் பச்சை பூசுவது வீண்வேலை போலத் தோன்றும். ஆயின் படத்தைச் சிறிதாக்கும்போது கணினி அயற்புள்ளிகளின் சராசரியை எடுப்பதால், மறைந்திருக்கும் நிறமும் வெளிப்பட்டுவிடும்.

படத்தைச் சேமிக்கும் கோப்புகளும் நெடுங்காலம் மரத்திற்கு உதவவில்லை. 1989இன் ஜிப் வடிவம் ஒரேயொரு நிறத்தையே ஊடுகாட்டுவதாக்க இடமளித்தது. பாதி என்பது அதற்குத் தெரியாது. முழு அல்பாவை ஏற்கும் பிஎன்ஜி வடிவம் 1996இல் வந்தது.

விளையாட்டுகளில் நிலைமை இன்னும் கடினம். 1993இல் வெளிவந்த 'டூம்' விளையாட்டின் மரங்கள், எத்திசையிலிருந்து நோக்கினும் பார்ப்பவரையே நோக்கித் திரும்பும் தட்டைப் படங்கள். பின்னர் இரண்டு மூன்று தாள்களைக் குறுக்காக வைத்து மரமாக்கினர். அரைகுறையாக ஊடுகாட்டும் புள்ளிகளைத் தொலைவிலிருந்து அண்மை நோக்கி வரிசைப்படி வரைதல் வேண்டும். ஆயிரமாயிரம் இலைகளை அவ்வாறு வரிசைப்படுத்த நேரமில்லை. ஆகவே ஓர் எல்லையை வகுத்து, அதற்கு மேற்பட்ட அல்பாவை முழு இலையாகவும் கீழ்ப்பட்டதை வெறுவெளியாகவும் கொண்டனர். விலாஹோசும் ஸ்மித்தும் தேடித்தந்த 'இவ்வளவு' மீண்டும் 'உண்டு, இல்லை' ஆயிற்று. விளைவாக, தொலைவிற் செல்லச் செல்ல மரங்கள் இலையுதிர்த்தன. சராசரியில் மெலிந்த இலைகள் எல்லைக்குக் கீழே போயின. சிறிதாக்கிய ஒவ்வொரு படத்திலும் இலைப்பரப்பு மாறாதிருக்குமாறு அல்பாவைத் திருத்தும் வழியை 2010இல் இக்னாசியோ காஸ்ரானோ விளக்கிக் காட்டிய பின்னரும், இக்குறையைப் பல விளையாட்டுகளிற் காணலாம்.

2017இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இவ்வூகத்தையே இயந்திரத்திற்குக் கற்பிக்க முனைந்தனர். ஒளிப்படத்தைக் கொடுத்தால் அல்பாவைத் தானே கணிக்கும் நரம்பு வலையமைப்பு அது. கற்பிப்பதற்குச் சரியான விடைகள் வேண்டுமல்லவா? அவ்விடைகள் எங்கும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆகவே நானூற்றுக்கு மேற்பட்ட படங்களின் மறைப்புகளை, போட்டோசொப் மென்பொருளைக் கொண்டு, மனிதர் கையாலேயே உருவாக்கிக் கொடுத்தனர்.