கல்குளத்திலிருந்து அனந்தபுரிக்கு

தனுவச்சபுரத்துக்காரர்களாகிய எங்களுக்கு ராஜதானி பார்க்கப் போவது வெகு சுலபமான காரியம். பாறசாலைக்கோ அமரவிளைக்கோ சென்று நெடுஞ்சாலையில் நின்றால், வடக்கே போகிற பேருந்து அனந்தசயனனாகப் பத்மநாபசுவாமி பள்ளிகொண்ட திருவனந்தபுரத்தில் கொண்டு சேர்க்கும். தெற்கே போகிற பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்கினால், திருவனந்தபுரம் ராஜதானியாவதற்கு முன் வேணாட்டு மன்னர்கள் அரசோச்சிய பத்மநாபபுரம் நடக்கிற தூரம். வெளியூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் இப்பழைய நகரை எட்டிப்பார்க்கிறவர்கள், பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டு, மந்திரசாலையின் வர்ண அபிரகத் தகடுகளின் ஊடே வரும் வெளிச்சத்தையும், முகம் தெரியுமளவு பளபளக்கும் கருந்தரையையும், தாய்க்கொட்டாரத்தில் பலாமரத்தில் கடைந்த தூணையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்து, 'அழகான அரண்மனை' என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் அரண்மனையின் அழகுக்கும், அந்த ஊர் ராஜதானியாக இருந்ததற்கும் உள்ள சம்பந்தம் அந்த ஒரு மணி நேரத்தில் புலப்படுவதில்லை.

கல்குளம் என்று வழங்கிவந்த இவ்வூருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது, அனுஷம் திருநாள் மார்த்தாண்டவர்மா 1750 ஜனவரியில் தம் ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமியின் பாதத்தில் சமர்ப்பித்துத் தாம் அவருடைய தாசனாக ஆண்ட காலத்தில்தான். அவருக்குப்பின் வந்த தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் நாளில், பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி 1795-இல், ராஜதானி திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. தெய்வம் இருக்கும் இடத்துக்கு அதன் தாசன் போய்ச் சேர்ந்தான் என்று கொண்டால் இது இயற்கையே.

அதே 1795-இல் ஐரோப்பாவில் மற்றொரு பழைய ராஜதானியில் நடந்தது இதற்கு நேர்மாறு. போலந்து நாட்டின் பழைய தலைநகரான கிராக்கோவில், வாவெல் குன்றின்மேல் உள்ள அரண்மனையை விட்டு அரசர் மூன்றாம் சிகிஸ்முந்த் பதினாறாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி வார்சாவுக்குச் சென்றுவிட்ட பின்னரும், முடிசூட்டு வைபவம் மட்டும் 1734 வரை பெரும்பாலும் பழைய இடத்திலேயே நடந்துவந்தது. 1320 முதல் அவ்வைபவத்தில் ஏந்தப்பட்ட ஷ்செர்பியெட்ஸ் என்னும் வாளையும் கிரீடங்களையும் பிரஷ்யப் படையினர் 1795-இல் கொள்ளையிட்டுச் சென்றார்கள். வாள் பல கைகள் மாறி, இரண்டாம் உலகப்போரின்போது கனடா வரை போய், 1959-இல் வாவெலுக்கே மீண்டது. இன்று அந்நகரை ஓரிரு நாளில் சுற்றிப் பார்க்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் காண்கிறார்கள். எங்கள் பத்மநாபபுரத்து வாளோ பேழைக்குள் அடங்கிவிடவில்லை. ஆண்டுதோறும் வெளியே வருகிறது.

நவராத்திரிக்குச் சில தினங்களுக்கு முன், அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உடைவாள் முறைப்படி கைமாறுகிறது. அவ்வாள் முன்னே செல்ல, தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். சரஸ்வதியின் விக்ரகம் கம்பர் பூஜித்தது என்றும், நவராத்திரி பூஜை முட்டின்றி நடக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சேர மன்னனிடம் அவர் ஒப்படைத்தார் என்றும் ஐதீகம். இதைச் சரித்திரமாகக் கொள்வதற்கில்லையாயினும், மலையாள நாட்டு அரசகுலம் ஒரு தமிழ்ப் புலவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாகத் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்டதில் எனக்கு அலாதியான திருப்தி உண்டு.

முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் இரு மாநில அதிகாரிகளும் கூடி நிற்க, காவலர்கள் அணிவகுத்து மரியாதை செய்ய, ஊர்வலம் கேரளத்துக்குள் புகுந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக வருகிறது. வீட்டு வாசல்களில் குத்துவிளக்கும் பூத்தட்டும் தேங்காயும் வைத்துக் காத்திருக்கும் மூதாட்டிகள், பல்லக்கு நிற்கும் அந்த ஓரிரு நிமிஷத்துக்காக வெயிலில் மணிக்கணக்கில் நிற்பார்கள். இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். தம்மை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலா என்னும் பலாமரத்தின் பட்டுப்போன அடிமரம் அக்கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. ராஜ்யத்தின் ஸ்தாபகன் உயிருக்குப் பயந்து பதுங்கிய ஊரில், அவன் குலதனமான வாள் ஓர் இரவு மரியாதையோடு இளைப்பாறுகிறது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பரிபாலிப்பது கேரளத் தொல்பொருள் துறையே. எல்லைக்கோடு இரண்டு ராஜதானிகளுக்கும் நடுவே விழுந்தும் பழைய சாலையில் அம்மனின் பயணம் தடைப்படவில்லை.

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி ஒன்பது நாள் கொலுவிருக்கிறாள். நாளொன்றுக்கு ஒன்றாகச் சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய ஒன்பது கீர்த்தனங்கள் அங்கே பாடப்படுகின்றன. வித்யா தேவதையின் சந்நிதியிலேயே பெண்கள் பாடலாகாது என்பது நெடுங்காலச் சம்பிரதாயமாக இருந்தது. அதற்கு என்ன நியாயம் சொன்னாலும் என் மனம் ஏற்றதில்லை. 2006-இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தவர், அம்மன் ஆண்டுதோறும் கடந்துபோகும் இதே பாறசாலையில் 1924-இல் பிறந்த பாடகி பொன்னம்மாள். சுவாதித் திருநாள் பெயர் தாங்கிய இசைக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர். அம்மன்னரின் கீர்த்தனங்களைக் கல்லூரியில் கற்கவும் பிறருக்குக் கற்பிக்கவும் தடை சொல்லாத நகரம், அவற்றை உரிய இடத்தில் அமர்ந்து அவர் பாடுவதற்குச் சம்மதித்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.