கிட்டங்கியில் கற்ற பர்மிய மொழி

ரங்கூன் நகரின் மொகல் தெருவில், இன்றைய யாங்கோனின் ஷ்வே பொந்தா தெருவில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம் ஒன்றைப் பல வட்டிக்கடைகள் பகிர்ந்துகொள்வது கிட்டங்கியின் முறை. ஒவ்வொரு கடைக்கும் ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரப் பாய். பகலில் வரவு செலவு நடந்த அதே இடத்தில் இரவில் படுக்கை விரிப்பார்கள். செட்டிநாட்டிலிருந்து வந்த சிறுவர்களுக்குக் கடல் கடந்த முதல் வீடும் பள்ளிக்கூடமும் இதுதான்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு ஐராவதி முகத்துவாரக் காடுகள் நெல்வயல்களாயின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசி ஏற்றுமதி பெருகியது. காட்டைத் திருத்தவும் மாடு வாங்கவும் விதைக்கவும் குடியானவனுக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கடன் தரவில்லை, செட்டியார்கள் தந்தார்கள். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது.

இத்தனை கடைகளுக்கும் ஆள் வேண்டும். ஊர்த் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து முடித்த பையனை, உறவினர் ஒருவரோடு கப்பலேற்றி விடுவார்கள். செட்டிநாட்டுப் பேச்சில் இது கொண்டுவிக்கப் போவது. கடையில் அவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், எல்லோருக்கும் மேலே முதலாளியின் சார்பில் கடையை நடத்தும் மேலாள். மேலாளின் ஒப்பந்தம் பெரும்பாலும் 3 ஆண்டு. தவணை முடிந்தால் ஊர், பிறகு மறுபடி கப்பல். கிட்டங்கியில் பெண்கள் தங்குவதில்லை. சமைக்கவும் ஊரிலிருந்து வந்த ஆளே இருந்தார். தாயைப் பிரிந்து வந்த சிறுவனுக்கு இந்த ஆண்களே குடும்பம். கண்டிப்பும் பராமரிப்பும் ஒரே மனிதரிடமிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் சுமையை, அவர்கள் பின்னாளில் ஈட்டிய செல்வத்தைப் பேசுகிறவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

பேரேடு எழுதவும் ஐந்தொகை எடுக்கவும் மேலாள் சொல்லித்தருவார். பர்மிய மொழிக்கு அப்படி ஆசிரியர் இல்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் துறைத் தேர்வு உண்டு, ஜட்சனின் பர்மிய அகராதி உண்டு. பையனுக்குக் கடைவாசலும் கடன் கேட்டு வருகிறவர்களின் பேச்சும்தான் பாடம். சொற்றொடர் அமைப்பு அவனுக்கு உதவியது. பர்மிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். தமிழ் வேற்றுமை உருபுகள் போலவே பெயருக்குப் பின்னால் இடைச்சொற்கள் ஒட்டும். தமிழ் வாக்கியத்தை நினைத்த வரிசையிலேயே சொற்களை மாற்றிப் போட முடிந்தது. தடுமாற வைத்தவை தொனிகள். ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தில் வேறு பொருள் தரும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும்: மனிதரை, துறவியை, விலங்கை எண்ண வெவ்வேறு சொற்கள். வயதும் மதிப்பும் பார்த்து ஆணின் பெயருக்கு முன் ஊ, கோ, மௌங் என்றும், பெண்ணின் பெயருக்கு முன் டோ, மா என்றும் சேர்க்க வேண்டும். கடன் கேட்டு வந்த பெரியவரை இளையவரைப் போல் அழைப்பது வியாபாரத்துக்கு ஆகாது.

வியப்பான செய்தி, பர்மியம் கற்க ரங்கூன் அவ்வளவு நல்ல இடமாக இருக்கவில்லை என்பதே. 1931 கணக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். தெருவில் இந்துஸ்தானி ஓடியது. கிட்டங்கிக்குள் தமிழ், வழிபடத் தண்டாயுதபாணி கோயில், படிக்க ரங்கூனிலேயே அச்சான ‘தனவணிகன்’. அந்த இதழுக்குப் பின்னாளில் உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியார் ஆசிரியராக இருந்தார். பர்மியரோடு பேசாமலே ஒரு தவணையைக் கழித்துவிட முடிந்த ஊர் அது. மொழி உண்மையில் பிடிபட்டது முகத்துவாரத்துச் சிற்றூர்க் கடைகளில். பியாப்போனிலோ மியாங்மியாவிலோ நாலைந்து பேர் மட்டும் உள்ள கடையில் வேலை பார்த்தவனுக்கு, குடியானவரின் மொழியைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் அந்த மொழி அடமானம், வட்டி, அறுவடை ஆகியவற்றைச் சுற்றியே நின்றது. பர்மாவில் ஆங்கிலேய அரசு அதிகாரியாகப் பணியாற்றிய ஃபர்னிவால், பல இனத்தார் சந்தையில் மட்டும் சந்தித்து, கலவாமல் தனித்தனியே வாழும் சமூகம் என்று அந்த நாட்டை விளக்கியிருக்கிறார். கிட்டங்கி வாழ்க்கைக்கு அது மிகவும் பொருந்தும். 1930இல் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தபோது இந்த இடைவெளி தெரிந்தது. முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல், நிலத்தில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் பங்கு 1937இல் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் அதை விரும்பவில்லை, பணமே வேண்டியிருந்தது. இழந்தவனிடம் அதை எடுத்துச் சொல்லி நம்பவைக்கும் உறவு அவர்களுக்கு இல்லை. அதற்குக் கடைமொழி போதவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும் மற்றவர்கள் மலைவழியாக நடந்தும் வெளியேறினார்கள். 1948இன் நில நாட்டுடைமைச் சட்டமும், 1963-64இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆனதும் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தன. பையன்களை அனுப்பும் வழக்கம் நின்றது.

யாங்கோனிலேயே தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகள் பர்மிய வழிப் பள்ளிகளில் படித்தார்கள். கிட்டங்கிப் பையனுக்குப் பெரும்பாலும் காதளவில் நின்ற மொழியை இவர்கள் எழுத்தோடு கற்றார்கள். பலருக்கு அதுவே முதல் மொழியாயிற்று. கோயில்களை ஒட்டி நடக்கும் வகுப்புகளில் இவர்கள் கற்றுக்கொள்ள வருவது தமிழ்.